இரண்டு கோப்பை ஏரி

எண்பது யூரோ தருகிறேன் என்றான் ஹென்னிங்,
புதிது வாங்கினால்.
வாங்காவிட்டால் அதுவும் இல்லை.

தொண்ணூற்றாறில் செய்த பலகை என்னுடையது.
மூன்று மீட்டர் அறுபது நீளம்,
நடுவயிற்றில் இறக்கி ஏற்றும் ஒரு துடுப்பு,
வெயிலில் வெளுத்த ஆரஞ்சுக் கோடு.
அவன் கடையில் சாய்ந்து நிற்பவை எல்லாம்
குட்டை, அகலம்,
பொரித்த அப்பளம்போல் ஒரு கையில் வருபவை.

நான் பல் மருத்துவர்,
ஹனோவரில், டிராம் நிறுத்தத்துக்கு மேல்மாடியில்.
பிடுங்கவா, மூடி போட்டு வைத்துக்கொள்ளவா
என்று நாளைக்கு ஆறு பேர் கேட்கிறார்கள்.
வேர் நன்றாயிருந்தால் விட்டுவிடுங்கள் என்பேன்.
வேர் போயிருந்தால்
எக்ஸ்ரேயைப் பார்த்தபடி சொல்வேன், முகத்தைப் பார்க்காமல்.

அன்றிரவு கொதிகலன் அறையில்
இரண்டு நாற்காலிமேல் அதைக் கிடத்தி
ஐம்பது சென்ட் நாணயத்தால் தட்டினேன்.
டக். டக். டக்.
இடது காற்பட்டைக்கு முன்னால்
தொப்.
அந்தச் சத்தத்தை எனக்குத் தெரியும்.
வலி தொடங்க ஒரு வருஷம் இருக்கும்போதே தெரியும்.

குளியலறைத் தராசில் இருவரும் ஏறினோம்.
என்னைக் கழித்தேன்.
பத்தொன்பது கிலோ நானூறு.
பதினெட்டு என்று வாலில் அச்சிட்டிருக்கிறது.
மீதி யார்?

மின்கட்டண உறையின் பின்புறத்தில் கணக்கு:
வால்துடுப்பு நூற்று நாற்பது,
மரத்தின் அடிமூட்டு எழுபத்தைந்து,
காற்பட்டைகள் அறுபது.
பாய்க்கு விலை எழுதவில்லை,
எழுதினால் தீர்ப்பு வந்துவிடும்.
எல்லாம் மாற்றியபின் பழையதாக மிஞ்சுவது
தொப் என்கிற அந்த இடம்தான்.

"காற்று அடிக்கிற நாளை எண்ணினாயா?" என்றான் அமலன்,
தோசை திருப்பியபடி.
எண்ணினேன்.
போன வருஷம் ஏரிக்குப் போனது நாற்பத்தொரு நாள்.
பதினெட்டு நாட் வேகம் தொட்டது ஒன்பது நாள்.
அதில் நான்கு நாள் நான்
யார் வாய்க்குள்ளோ குனிந்திருந்தேன்.
ஐந்து.
புதுப்பலகை ஆயிரத்துத் தொள்ளாயிரம்.
நாளுக்கு முந்நூற்றெண்பது.
தோசை கருகியது.

வாடை, கொண்டல், கோடை, தென்றல்,
திசைக்கொரு பெயர் வைத்திருக்கிறேன் நான்.
ஹென்னிங்கிடம் இருப்பவை எண்கள்.
பலகைக்கு எண்தான் புரிகிறது.

துளைத்தேன்.
கை நடுங்கவில்லை, மரத்துவிட்டதா என்று
கேட்க வேண்டியிருக்கவில்லை.
இரண்டு கோப்பை தண்ணீர் வந்தது,
பழுப்பாய், விலாங்கு வாசனையோடு.
எந்த வருஷத்து ஏரி?
எனக்கு முன்னால் இதில் ஏறி விழுந்தவருடையதாகவும் இருக்கலாம்.
மூன்று வாரம் உலர்த்தி, பிசின் அடைத்து,
உப்புத்தாள் தேய்த்தேன்.
முப்பத்தொரு யூரோ.
தராசு: பதினெட்டு எண்ணூறு.
இன்னும் எண்ணூறு கிராம் வெளியே வர மறுக்கிறது.

சனிக்கிழமை ஸ்டைன்ஹூடே. காற்று எட்டு.
அப்பளங்கள் எல்லாம் பாதி முழுகி
பாயை விசிறி விசிறி நின்ற இடத்தில் நின்றன.
நான் அவற்றின் நடுவே
சத்தமில்லாமல் போனேன்.
ஹென்னிங் திரும்பிப் பார்க்கவில்லை,
பார்த்திருந்தால் விழுந்திருப்பான்.
காசு மிச்சம், கௌரவம் மிச்சம்
என்று கரையிலிருக்கும் அமலனுக்குக் கை காட்டினேன்.

இரண்டு நாற்பதுக்கு மேல்காற்று வந்தது.
புகைத்த மீன் விற்கும் கடையின் குடை முதலில் சாய்ந்தது,
பிறகு ஏரி கறுத்தது.
பாய் என்பது தமிழில் பெயர், ஏவலும் கூட.
அவர்களுடையவை ஏவலைக் கேட்டன,
நீரை விட்டு எழுந்து
கூழாங்கல் எறிந்ததுபோல் தத்திப் பறந்தன.
என்னுடையது பெயராகவே இருந்தது.
நடுத்துடுப்பு அதிர்ந்தது, முழங்கால் அதிர்ந்தது,
பலகை ஒருபக்கம் புரண்டு என்னைக் கொட்டியது.

எழுந்து நின்றேன். இடுப்பளவுதான் ஆழம் இங்கே.
விரலிடுக்கில் சேறு.
அடைத்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன்,
கெட்டியாகத்தான் இருக்கிறது.
இந்த வருஷத்தின் முதல் நாள், என்று எண்ணினேன்,
இன்னும் நான்கு.
முந்நூற்றெண்பது யூரோ
மஞ்சள் பாயோடு
என்னைத் தாண்டிப் போனது,
திரும்பி வந்தது,
மறுபடியும் போனது.